நான்காம் ஜாடியில் செர்ரிப் புகை

தோர்டிஸ் முப்பத்தொரு வருடம் எங்கள் பள்ளத்தாக்கின் தானியக் கொள்முதல் நிலையத்தில் வேலை பார்த்தாள். விவசாயிகள் டிராக்டரில் பார்லியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவள் ஏணியில் ஏறி, நீளமான இரும்புக் குழாயைக் குவியலின் அடிவரை குத்தி இறக்கி உருவி எடுப்பாள். உள்ளே வந்த மணிகளை உள்ளங்கையில் கொட்டி முகர்ந்து, இரண்டைப் பல்லுக்கு நடுவே வைத்துக் கடிப்பாள். மேலே காய்ந்ததும் அடியில் ஈரமுமாகக் கொட்டி வந்தவர்கள் அந்தக் கடியின் சத்தத்துக்கே தலையைக் குனிந்துகொள்வார்கள். ஒருமுறை ஒருவர், பாவம், தார்ப்பாய் கிழிந்து மழை இறங்கியதை அறியாமலே வந்திருந்தார். அவரிடமும் தோர்டிஸ், "மழையா? எந்த ஊர்ல பெஞ்சது?" என்றுதான் கேட்டாள்.

வேலைதான் அவளை அப்படி ஆக்கியது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நானும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பள்ளிக் குலுக்கலில் ஆசிரியரின் மகளுக்குப் பரிசு விழுந்தபோது, ஒன்பது வயதுத் தோர்டிஸ் எழுந்து போய்ப் பெட்டியைக் கவிழ்த்து எல்லாச் சீட்டையும் எண்ணிப் பார்த்தாள். எண்ணிக்கை சரியாகவே இருந்தது. "சரியா இருக்கறதுதான் எனக்கு இடிக்குது" என்று திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

மாக்னார் பால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். நல்ல உயரம், மெதுவான பேச்சு, பெரிய காதுகள். அவன் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று தோர்டிஸைக் கேட்டது அந்த நிலையத்தின் எடைமேடையில் நின்றுகொண்டுதான். அவள் வெட்கப்படவெல்லாம் இல்லை.

"எனக்கு முன்னாடி யார்கிட்ட கேட்டே?"

"ராக்னாவோட அக்காகிட்ட."

ராக்னா என்பது நான்.

"அவ என்ன சொன்னா?"

"மாட்டேன்னுட்டா."

"ஏன்?"

"என் காது ரொம்பப் பெருசாம்."

தோர்டிஸ் அவன் காதுகளை இரண்டு பக்கமும் பார்த்தாள். "பெருசுதான்" என்றாள். அடுத்த ஜூனில் கல்யாணம் நடந்தது. ஏன் ஒத்துக்கொண்டாய் என்று பின்னாளில் நான் கேட்டபோது, மூன்று கேள்வி கேட்டேன், மூன்றுக்கும் எதையும் ஒளிக்காமல் ஒரே மனிதனாகப் பதில் சொன்னான் என்றாள்.

மாக்னாரும் அவளோடு வாழப் பழகிக்கொண்டான். கடையில் தாமதமானால் ரசீதைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பான், அதில் நேரம் அச்சாகியிருக்கும் என்பதால். வழியில் யாராவது நிறுத்திப் பேசினால், "தோர்டிஸ் கேட்டா என்னைப் பாத்ததா சொல்லு" என்று கேட்டுக்கொள்வான். நாங்கள் சிரிப்போம். அவனும் சிரிப்பான். அது வெறும் சிரிப்பு என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தோம்.

இங்கே கிறிஸ்துமஸுக்குக் குடிக்கும் ஏல் என்ற பார்லி பீரை யாரும் கடையில் வாங்குவதில்லை. அவரவர் பார்லியை அவரவர் முளைகட்டி, ஆல்டர் மர விறகின் புகையில் உலர்த்தி, மால்ட்டாக்கி, அதில்தான் காய்ச்ச வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு சூளை கட்டி மாளாது என்பதால் ஐந்து வீடுகள் சேர்ந்து ஒரு மால்ட் வீடு வைத்திருக்கிறோம். கீழே அடுப்பு. மேலே துளையிட்ட பலகைகள், அதன்மேல் முளைத்த பார்லி. அக்டோபர், நவம்பரில் ஆளுக்கொரு வாரம். அந்தக் கட்டடம் என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் இருப்பதால் சாவி என்னிடம்.

டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை நண்பகலில் பழைய பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கூடிச் சுவை பார்ப்போம். வீட்டுக்கு ஒரு ஜாடி. ஜாடியில் பெயர் இருக்காது, எண் மட்டும். எண் யாருடையது என்பது எனக்குத்தான் தெரியும், அதனால் எனக்கு ஓட்டு கிடையாது. தோர்டிஸ் எப்போதும் முதலாவதாகவோ இரண்டாவதாகவோ வருவாள். மற்றவர்களின் ஜாடியை அவள் சுவைப்பதைப் பார்க்கவே கூட்டம் நிற்கும். குவளையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்குவாள். மூக்கை உள்ளே விட்டு ஒரு மூச்சு. பிறகு ஒரு சின்ன மடக்கு. அதை நாக்கின் இரண்டு பக்கமும் ஓடவிட்டு, ஒரு கண்ணை மட்டும் மூடுவாள். "இதுல யாரோ சர்க்கரை போட்டிருக்காங்க" என்பது ஒவ்வொரு வருடமும் கிடைக்கும் தீர்ப்பு. ஐந்தில் ஒரு தடவை அது உண்மையாகவும் இருக்கும்.

கடைசி இடம் எப்போதும் ஹால்டோருக்கு. தனியாள். நாற்பது ஆடுகள், ஒரு நாய், ஒழுகும் கூரை. எதிலும் அவசரம் அவனுக்கு. சூளையில் மால்ட் நன்றாகக் காய்வதற்குள் இறக்கிவிடுவான். அதனால் அவன் ஏல் வெளிறிப்போய், பச்சை மாவு வாசத்தோடு இருக்கும். ஆடு கழுவின தண்ணீர் என்று அதற்குப் பெயர். அவனே அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஊற்றிக் கொடுப்பான்.

நான் சொல்லவந்த வருடத்தில், செப்டம்பர்ப் புயலில் தோர்டிஸ் தோட்டத்துச் செர்ரி மரம் சாய்ந்தது. ஆல்டர் விறகு அந்த வருடம் குறைவு. அவள் செர்ரிக் கட்டைகளைப் பிளந்து காயவைத்து, ஆல்டரோடு பாதிக்குப் பாதி கலந்தாள். எங்கள் ஐந்து வீடுகளில் வேறு யாருக்கும் செர்ரி மரம் கிடையாது.

அவள் முறை வந்த செவ்வாய்க்கிழமை, காலையிலிருந்து நண்பகல்வரை அவளே அடுப்பைப் பார்த்தாள். அப்போது போன் வந்தது. த்ரோன்ஹைம் நகரத்தில் அவளுடைய தங்கை படிக்கட்டில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். தோர்டிஸ் கோட்டை மாட்டிக்கொண்டே மாக்னாருக்கு உத்தரவுகள் போட்டாள். ஒரு நேரத்துக்கு இரண்டு கட்டை. அரைமணிக்கு ஒருமுறை கிளற வேண்டும். கதவைத் திறந்துவைத்துவிட்டு எங்கும் போகக்கூடாது. என் வீட்டுக்கும் வந்து, "அவன்மேல ஒரு கண்ணு வெச்சுக்கோ" என்றுவிட்டுப் போனாள். அவள் போனதுமே நான் பல் வைத்தியரிடம் கிளம்பிவிட்டேன், திரும்பும்போது நான்கு மணி. அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

எட்டு நாள் கழித்து அவள் திரும்பியபோது, மால்ட்டை மாக்னார் மில்லில் கொடுத்து அரைத்தே வைத்திருந்தான்.

"ஏன் அரைச்சே?"

"உனக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு."

"ஒத்தாசையா?"

"ஆமா."

"முப்பத்தெட்டு வருஷத்துல இல்லாத ஒத்தாசை" என்று அவள் அவனையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிறகு ஒரு விரலை மாவில் தொட்டு நக்கினாள். தொட்டியைக் கழுவப் போனாள்.

ஏல் நொதித்து அடங்கியதும் முதல் குவளையை எடுத்து எனக்குக் கொண்டுவந்தாள். நான் குடித்தேன். மோசமில்லை, ஆனால் எதுவோ இல்லை. வழக்கமாக அவளுடையது வாயில் பட்டதும் ரொட்டியின் கருகிய ஓரம் மாதிரி ஒரு இனிப்பு பரவும். இதில் அது தூரத்தில் நின்றது.

"சொல்லு" என்றாள்.

"கொஞ்சம் இளசா இருக்கு."

"செர்ரி எங்க? பத்துக் கட்டை எரிச்சிருக்கேன். புகை எங்க போச்சு?"

அன்றிலிருந்து அவள் வீட்டில் விசாரணை தொடங்கியது. முதலில் ஈஸ்ட் மேல் சந்தேகம், கடைக்காரர் பழசை விற்றுவிட்டார் என்று. அடுத்தது மரப்பீப்பாய், போன வருடம் சரியாகக் கழுவவில்லையோ என்று. பிறகு கிணறு. ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து நகரத்துப் பரிசோதனைக்கூடத்துக்கே அனுப்பிவைத்தாள். தண்ணீர் சுத்தம் என்று கடிதம் வந்தபோது அவளுக்குக் கோபம்தான் வந்தது. இத்தனைக்கும் மாக்னார் பக்கத்திலேயே இருந்தான். பீப்பாயைத் தூக்கிக் கொடுத்தான். தபால் நிலையத்துக்கு அந்தப் பாட்டிலைக் கொண்டுபோனவனும் அவனேதான். அந்த நாட்களில் அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பான். நான் கையாட்டினால் திடுக்கிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். எனக்கு அப்போதே ஏதோ தட்டியது. கேட்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. பள்ளிக்கூடத்தில் முப்பது பேர் இருப்போம். வெளியே முழங்காலளவு பனி, உள்ளே இரும்பு அடுப்பு, மேஜையில் உப்பிட்ட ஆட்டிறைச்சியும் தட்டை ரொட்டியும். தோர்டிஸ் முதல் மூன்று ஜாடிகளையும் வழக்கம்போலக் கடந்தாள். இரண்டாவதில் சர்க்கரை. மூன்றாவது அவளுடையதே. அதைக் குடிக்கும்போது தண்ணீர் குடிக்கிறவள்போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

நான்காவது ஜாடி நல்ல பழுப்பு. வெளிச்சத்தில் தூக்கியபோது ஓரத்தில் சிவப்பு தெரிந்தது. ஒரு மூச்சு இழுத்தாள். குவளை அப்படியே மூக்கடியில் நின்றுவிட்டது. ஒரு மடக்கு. கண்ணை மூடவில்லை. இரண்டாவது மடக்கு. அவள் எந்த ஜாடியிலும் இரண்டாவது மடக்கு குடித்து நாங்கள் பார்த்ததில்லை.

எனக்கு ஓட்டில்லையென்றாலும் சுவைக்கத் தடையில்லை, நானும் ஊற்றிக் குடித்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒன்றைக் குடித்ததில்லை. முதலில் வறுத்த கொட்டையின் இனிப்பு. அது இறங்குவதற்குள் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த கறுப்பு ரொட்டியின் வாசம். கடைசியில் புகை, ஆனால் தொண்டையைக் கமறவைக்காத புகை. ஜாம் காய்ச்சும் வீட்டைக் கடந்துபோனால் வருமே, அந்த மாதிரி. குளிரில் வந்த உடம்பு காதுவரை சூடாயிற்று.

இருபத்தொன்பதில் இருபத்திரண்டு ஓட்டு நான்காம் எண்ணுக்கு. மூன்றாம் எண் நான்காவது இடம்.

"நாலு, ஹால்டோர்" என்று நான் படித்தேன்.

கூரை இடிந்துவிழுகிற சிரிப்பு. "ஆட்டை மாத்திட்டியா ஹால்டோர்?" என்றான் ஒருவன். "இல்ல, இந்தத் தடவை ஆட்டைக் கழுவாம விட்டுட்டான்" என்றான் இன்னொருவன். யாரோ அவன் முதுகில் தட்டினார்கள். ஹால்டோர் சிரிக்கவில்லை. தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தோர்டிஸ் குவளையை மேஜையில் வைத்தாள்.

"இது என் மால்ட்டு" என்றாள்.

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

"எப்பிடிச் சொல்றே?" என்று ஹால்டோர் மெதுவாகக் கேட்டான்.

"என் செர்ரி மரம் உன் ஜாடியில இருக்கு. அது எப்பிடி அங்க வந்துச்சுன்னு நீ சொல்லு."

கூட்டத்துக்கு அவள் கேட்டது பிடிக்கவில்லை. வாழ்நாளில் முதல்முறை ஜெயித்தவனைத் திருடன் என்கிறாளே என்று முணுமுணுத்தார்கள். "தோத்தா இப்பிடித்தான்" என்று ஒரு குரல் அவள் காதில் விழும்படியே சொன்னது. நான் மாக்னாரைத் தேடினேன். அவன் கோட்டுகள் மாட்டும் இடத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தோர்டிஸ் மால்ட் வீட்டுச் சாவி கேட்டு வந்தாள். டார்ச், ஒரு சின்னத் தூரிகை, ஜாம் பாட்டில். நானும் கூடப் போனேன். மேலே பலகைகளின் இடுக்கில் சிக்கியிருந்த மணிகளை ஒவ்வொன்றாகத் துலக்கி எடுத்துப் பாட்டிலில் போட்டாள். அதில் பாதி காபிக்கொட்டை நிறம். ஒன்றைக் கடித்தாள். எனக்கும் ஒன்று கொடுத்தாள்.

"கருகியிருக்கு" என்றேன்.

"கருகல. கருகறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி. கூடவே செர்ரியும் இருக்கு. அப்போ என் வாரத்துலதான் இது சூடேறியிருக்கு."

திங்கட்கிழமை ஒரு தட்டு வாஃபிளோடு ஹால்டோர் வீட்டுக்குப் போனாள். முப்பது வருடத்தில் அவள் அங்கே எதுவும் கொண்டுபோனதில்லை. அவன் காபி வைக்கப் போன நேரத்தில் களஞ்சியத்துக்குள் நுழைந்து, மிச்சமிருந்த மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிக் கோட்டுப்பையில் போட்டுக்கொண்டாள். அதே பழுப்பு மணிகள். ஆடுகளின் எதிரில் நின்று மென்று பார்த்தாளாம், அதே செர்ரி.

"ஐஞ்சு வீட்டையும் கூப்பிடு ராக்னா. அவன் பங்கை ரத்து பண்ணணும். திருடன்கூட ஒரே சூளையில நான் காயவைக்க மாட்டேன்."

"கிறிஸ்துமஸ் முடியட்டுமே."

"ஏன்? உனக்கு எதாவது தெரியுமா?"

எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் முகம் சிவந்துவிட்டது. அவள் அதையும் கவனித்தாள். கூட்டம் என் சமையலறையில், அடுத்த ஞாயிறு சர்ச் முடிந்தபின் என்று முடிவாயிற்று.

வந்தவர்கள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. தோர்டிஸ் மேஜையில் ஜாம் பாட்டிலையும், ஹால்டோரின் மால்ட்டை ஒரு காகிதத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் எல்லோரும் குனிந்து பார்த்தோம். வித்தியாசமே இல்லை.

"ஹால்டோர், இப்போ சொல்லு" என்றாள்.

ஹால்டோர் தொப்பியைக் கையில் சுருட்டினான். "ஆமா. நான்தான் எடுத்தேன்."

அறையில் ஒரு மூச்சு இழுக்கும் சத்தம். அவனை இத்தனை நாள் தாங்கிப் பேசியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். தோர்டிஸ் ஜெயித்துவிட்டாள். ஆனால் நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் முகத்தில் ஜெயித்த களையே இல்லை. பார்லிக் குவியலுக்கு முன்னால் குழாயோடு நிற்பாளே, அந்த முகம்.

"எத்தனை மூட்டை?"

"ரெண்டு."

"என்னிக்கு?"

"வந்து... வியாழக்கிழமை."

"சாவி?"

"ராக்னாகிட்ட வாங்கினேன்."

அவள் என்னைப் பார்த்தாள். "வியாழக்கிழமை யாரும் சாவி கேக்கல" என்றேன். வேறென்ன சொல்வேன்?

"முப்பத்தொரு வருஷம்" என்றாள் தோர்டிஸ். "மூட்டைக்கு அடியில கல்லு வெச்சவன் ஒருத்தன்கூட முதல் கேள்விக்கே ஒத்துக்கிட்டதில்ல. கல்லை எடுத்துக் கையில காட்டினாலும் அது பார்லின்னுதான் சத்தியம் பண்ணுவான். நீ கேட்ட உடனே ஆமாங்கறே. பொய் சொல்றே ஹால்டோர்."

"நான் எடுத்தேன்னு சொல்றேன்ல? அப்புறம் என்ன?"

"சரி, எடுத்தே. அப்போ என் வீட்டுல ரெண்டு மூட்டை குறைஞ்சிருக்கணுமே? குறையலையே. திருடினவன் எடுத்த இடத்துல தன் மூட்டையைக் கொண்டுவந்து வெச்சிட்டா போவான்? அந்த இளசு, அந்தப் பச்சை மாவு வாசனை... நான் கிணத்தை சந்தேகப்பட்டேன்." அவள் பேச்சு மெதுவானது. "நான் குடிச்சது உன் மால்ட்டு. அதை யாரு மில்லுல கொடுத்து அரைச்சாங்க?"

இதைக் கேட்கும்போது அவள் யார் பக்கமும் திரும்பவில்லை. காகிதத்திலிருந்த மணிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்க அவளுக்குத்தான் பயமாக இருந்ததோ என்னவோ.

"நான்தான் தோர்டிஸ்" என்றான் மாக்னார்.

அவன் கதவோரம் நின்றிருந்தான். காதுகள் சிவந்திருந்தன. "நீ போனப்புறம் குளிரா இருந்துச்சு. ரெண்டு கட்டைக்குப் பதிலா நாலு போட்டேன். பெஞ்சுல உக்காந்து குறுக்கெழுத்து எழுதிக்கிட்டிருந்தேன். வாசனை மாறினப்புறம்தான் ஏறிப் பாத்தேன். அடியில எல்லாம் பழுப்பாயிடுச்சு. அப்போ ஹால்டோர் அவன் மூட்டையை எடுக்க வந்தான். என் முகத்தைப் பாத்துட்டு, என்னோடதை நீ எடுத்துக்கோ, நான் எதையும் குடிப்பேன்னான்."

"நெசமாத்தான்" என்றான் ஹால்டோர். "என்னுது எப்பிடியும் கடைசிதானே. அதுல கருகினதைப் போட்டா என்ன, போடாட்டி என்ன? ஜெயிப்பேன்னு யாரு கண்டா?"

ஒருவர் சிரிக்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?" என்றாள் தோர்டிஸ்.

மாக்னார் கதவை விட்டு ஓரடி உள்ளே வந்தான்.

"சொல்லியிருக்கலாம். கட்டை ஜாஸ்தி போட்டுட்டேன்னு சொன்னா, ஏன் போட்டே, யாரு வந்தா, எங்க போயிருந்தே, வேணும்னே பண்ணினியான்னு ஈஸ்டர் வரைக்கும் போகும். எனக்கு எதுவுமே சும்மா நடந்ததில்ல தோர்டிஸ். முப்பத்தெட்டு வருஷமா டயர் பஞ்சரானாக்கூட நான் ஆணியக் கொண்டாந்து காட்டியிருக்கேன்."

என் அடுப்பில் காபி பொங்கி வழிந்தது, நான் அதை இறக்கப் போகவில்லை.

தோர்டிஸ் எழுந்து வெளியே போனாள். சாலையைக் கடந்து மால்ட் வீட்டுக்குள் நுழைவது ஜன்னலில் தெரிந்தது. மாக்னார் பின்னால் போக அசைந்தான். நான் அவன் கையில் காபியைக் கொடுத்துவிட்டு நானே போனேன்.

எரியாத அடுப்புக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்தால் ஆவி வந்தது.

"அவன் எனக்குப் பயந்திருக்கான்" என்றாள்.

"கொஞ்சம்."

"கொஞ்சமா?"

"நிறையவே."

தலையை ஆட்டிக்கொண்டாள். "அந்த ஆணி. எனக்கு ஞாபகம் இருக்கு. நான் அதை டயர் ஓட்டையில வெச்சு அளந்து பாத்தேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீயும் பயப்படுவியா?" என்றாள்.

"அந்த செவ்வாய்க்கிழமை நான் பல் டாக்டர்கிட்ட போயிருந்தேன். அவனைப் பாத்துக்கறேன்னுட்டு நாலு மணிக்குத்தான் வந்தேன். அதை உங்கிட்ட இன்னிக்கு வரைக்கும் சொல்லல."

"எந்தப் பல்லு?" என்று கேட்டாள். கேட்டதும் தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

திரும்பி வந்தபோது எல்லோரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அவள் ஹால்டோர் முன்னால் போய் நின்றாள்.

"திருடன்னு சொன்னேன். முப்பது பேர் முன்னாடி. தப்பு."

"இத்தனை வருஷம் ஆடு கழுவின தண்ணின்னீங்க. அதுக்கு இது தேவலை."

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

"ஏலா? முப்பது லிட்டர் இருக்கும்."

"பாதி எனக்கு வேணும். என்னுதுல பாதியை நீ எடுத்துக்கோ."

"உன்னுதை எதுக்கு? அது என் மால்ட்டு, நல்லாவே இருக்காது" என்றான் ஹால்டோர். இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள், மாக்னாரைத் தவிர. அவன் தோர்டிஸின் கோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அவள் திரும்புவதற்காகக் காத்திருந்தான். அவள் திரும்பிக் கையை நுழைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகும் வழியில் என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மேஜையில் அந்தப் பழுப்பு ஏல். தோர்டிஸ் குவளையைத் தூக்கிப் பார்க்காமல், முகராமல், வாயில் வைத்துக் குடித்தாள். பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. மாக்னார் அவளைப் பார்த்துவிட்டு, "என்ன? நல்லா இல்லையா?" என்று கேட்டான்.

"நல்லாருக்கு. வாசனை பாத்தா தேவலை, பாக்கட்டுமா?" என்றாள்.

"பாரேன். எனக்கென்ன?"

அப்புறம்தான் அவள் மூக்கை உள்ளே விட்டாள். நிம்மதியாக, வெகுநேரம்.

அடுத்த அக்டோபரில் அவர்கள் வாரம் வந்தபோது, சூளையை மாக்னாரே முழுக்கப் பார்க்கட்டும் என்றுவிட்டாள். ஊரே பேசிக்கொண்டது. காலை எட்டு மணிக்கு அவன் சாவி வாங்கிக்கொண்டு போனான். எட்டேகாலுக்குத் தோர்டிஸ் பின்னல் ஊசியும் நூலுமாக என் சமையலறைக்கு வந்து, திரைச்சீலைக்குப் பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நான் இங்க இருக்கேன்னு அவனுக்குத் தெரிய வேணாம்."

"உன் சைக்கிள் என் வாசல்ல நிக்குது."

அவள் எழுந்து போய்ச் சைக்கிளை வீட்டுப் பின்பக்கம் தள்ளிவைத்துவிட்டு வந்தாள்.

நாள் முழுக்கப் புகைபோக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காலுறையை இரண்டு தடவை பின்னிப் பிரித்தாள். இரண்டு மணிக்குப் புகை கொஞ்சம் தடித்தது. அவள் எழுந்து நின்றாள். கை கோட்டுக்குப் போனது. எதிரே கதவைத் திறந்துகொண்டு மாக்னார் வெளியே வந்தான். புகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, எங்கள் ஜன்னலைப் பார்த்து ஒருமுறை கையாட்டினான். உள்ளே போனான்.

"உன்னைப் பாத்துதான் கையாட்டினான்" என்றாள் தோர்டிஸ்.

"என்னைப் பாத்து அவன் தினமுமா கையாட்டுறான்?"

அவள் கோட்டை விட்டுவிட்டு உட்கார்ந்தாள். புகை கொஞ்ச நேரத்தில் மெலிந்தது.

அந்த வருடம் அவர்கள் ஏல் மூன்றாவது வந்தது. தோர்டிஸ் ஓட்டுச் சீட்டுகளை வாங்கி மறுபடி எண்ணினாள். மூன்றாவதுதான்.